கடுக்காய் கொடுத்தவர்

எங்கள் ஊர்ப் பெயரின் முன்பாதி 'கள்ள'. பின்பாதி 'குறிச்சி'. குறிச்சி என்றால் குறிஞ்சி நிலத்து ஊர் என்று 32 வருடம் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். முன்பாதிக்கு விளக்கம் கேட்ட மாணவன் ஒருவனும் இல்லை. அதைக் கேட்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன அன்று என் வருங்கால மாமனார், "மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?" என்றார். "கள்ளக்குறிச்சிங்க." வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பேருல மட்டுந்தானே?" என்றார். "ஆமாங்க" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் பொய் அதுதான் என்பது என் மனைவியின் கட்சி.

தமிழாசிரியர் உத்தியோகத்தில் உண்மைக்கு அரை மதிப்பெண் உண்டு. கடிதம் எழுதும் வினாவில், முடிவில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று போடாதவனுக்கு அரை மதிப்பெண் குறைத்துவிடுவேன். மேலே இருப்பது முழுக்கக் கற்பனை. எரிந்துகொண்டிருக்கும் தெருவிளக்கை எரியவில்லை என்று எழுதியிருப்பான். அவன் தெருவில் விளக்குக் கம்பமே இருக்காது. அதெல்லாம் கணக்கில்லை. அடியில் உண்மை இருந்தால் போதும்.

ஒரு ஆடி மாதம், இதே உண்மையோடு ஒருவன் விடுப்புக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தான். கடும் காய்ச்சலாம். அன்று மதியம் கச்சிராயப்பாளையத்தை அடுத்த கோமுகி அணையின் கரையில் அவனைப் பார்த்தேன். ஈரத் துண்டோடு உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தான்.

"காய்ச்சல் எப்படிடா இருக்கு?" என்றேன்.

"விட்டுருச்சுங்க ஐயா" என்று எழுந்து நின்றவன், பணிவாகக் கேட்டான்: "உங்களுக்குங்க ஐயா?"

அன்று நானும் விடுப்பு. எனக்கும் காய்ச்சல். என் கடிதத்திலும் உண்மையுள்ள. மாங்காயில் பாதியைக் கொடுத்தான்; வாங்கிக்கொண்டேன். அந்த வருடம் அவனுடைய அரை மதிப்பெண்ணில் நான் கை வைக்கவே இல்லை.

2019 நவம்பர் 26-ஆம் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. திருக்கோவிலூரும் எங்களோடு சேர்ந்தது. கூடவே கபிலரும் மெய்ப்பொருள் நாயனாரும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெயருக்கு அரசாங்கம் தன்னை அறியாமல் செய்துவைத்த பரிகாரம் என்றுதான் அதை நினைத்துக்கொள்கிறேன்.

கபிலரின் நாக்குக்குப் பொய் தெரியாது என்று சங்கப் புலவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரு புலவரைப் பற்றி இன்னொரு புலவர் நல்லவிதமாகச் சொல்வது எவ்வளவு அபூர்வம் என்பது இலக்கியக் கூட்டங்களுக்குப் போய் வருபவர்களுக்குத் தெரியும். நண்பன் பாரி இறந்தபின், அவன் மகள்களைக் கரைசேர்க்க அலைந்துவிட்டு உயிரை விட்டவர் அவர். வடக்கிருந்து இறந்தார் என்கிறது புறநானூற்றுப் பாட்டின் அடிக்குறிப்பு. தீயில் புகுந்தார் என்கிறது திருக்கோவிலூர் வீரட்டேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. பொய்யே சொல்லாதவர் சாவுக்கும் நம்மிடம் இரண்டு கதை இருக்கிறது. தென்பெண்ணை ஆற்றுக்குள் கபிலர் குன்று மட்டும் இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது.

இந்தப் பாடத்தை நடத்தும்போது, மகள்கள் மலையைத் திரும்பிப் பார்க்கும் இடத்தில் நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். குரல் கம்மும். ஒவ்வொரு வருடமும் அதே இடம், அதே கம்மல். "இப்பக் கழட்டுவார் பாரு" என்று கடைசி பெஞ்சில் பந்தயம் கட்டுவார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஒரு வருடம், கூடப் படித்த நண்பன் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. அந்த இடம் வந்தது. கண்ணாடி ஞாபகம் வரவில்லை, குரல் கம்மவில்லை, பேச்சே வரவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடி நின்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அடுத்த வரி மறந்துபோச்சுங்களா ஐயா?" என்று கேட்டு, அவளே எடுத்துக் கொடுத்தாள். பந்தயம் கட்டியவர்களுக்கு அன்று நஷ்டம்.

மெய்ப்பொருள் நாயனார் கதை இன்னும் சிக்கலானது. போரில் வெல்ல முடியாத முத்தநாதன் உடம்பெல்லாம் நீறு பூசி, சிவனடியார் வேடத்தில் வருகிறான். சுவடிக்கட்டுக்குள் கத்தி. அரசர் அவனை மேலே உட்காரவைத்துக் கீழே வணங்குகிறார், குத்திவிடுகிறான். பாய்ந்து வரும் காவலன் தத்தனைத் தடுத்து, அடியாரைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொல்கிறார். அவன் நலமாகப் போய்ச் சேர்ந்தான் என்ற சேதி வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்.

"அவரு ஏமாளிங்களா ஐயா?" என்று ஒருவன் கேட்டான்.

"வேடத்துக்குக் கொடுத்த மரியாதைடா அது."

"திருடன் போலீஸ் வேஷத்துல வந்தாலுங்களா?"

"உட்காரு" என்றேன். ஆசிரியர்களுக்குப் பதில் தெரியாதபோது தமிழில் அதற்கு இந்தச் சொல்தான் வழங்குகிறது.

அவன் கேள்விக்கு விடை மலையிலிருந்து வந்தது. 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல். எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு வாக்குச்சாவடி விழுந்தது. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. காலையிலேயே வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். விரலில் மை வைத்ததும் அதை ஊதிக் காயவைத்தார். மதியம் மறுபடி வந்து வாசலில் நின்றார்.

"சாமைச் சோறு ஆக்கியிருக்குது. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க சார்."

தேர்தல் வேலையில் இருக்கிறவன் யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. அதைச் சரிக்கட்ட, நம் ஊர் வழக்கப்படி ஒரு வார்த்தையை எடுத்து வீசினேன்: "அதனால என்னங்க பெரியவரே, நீங்க ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க. அவசியம் வரணும்."

இதற்குச் சமவெளியில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். 'நான் கிளம்புகிறேன்' என்று பொருள். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்தால் பெரியவர், அவர் மனைவி, ஐந்து வயதுப் பேரன். தமிழ் வாத்தியார் வீடு எது என்று மூன்று தெரு விசாரித்து வந்திருக்கிறார்கள்.

"அவசியம் வரணும்னு சொன்னீங்களே சார். நடவுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிரலாம்னு வந்தோம்."

அடுப்படிக்குள் என் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நீங்க கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"நெசமாவே கூப்பிட்டீங்களா?"

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 32 வருடம் உண்மையுள்ளவனாகக் கையெழுத்துப் போட்டவனிடம் இல்லை. மாவு மட்டும் இருந்தது, நல்லவேளை. இட்லி வெந்தது. பேரன் எட்டுத் தின்றான். மதியம் கத்திரிக்காய்க் குழம்பு; பெரியவரும் நானும் திண்ணையில் வெள்ளாமையும் மழையும் பேசிக்கொண்டிருந்தோம். மாலையில் அவர்கள் கிளம்பும்போது, "அதுக்குள்ளயுமா? ராத்தங்கிப் போகலாமே" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, இதை நெசமாவே சொல்லியிருக்கிறேன் என்று.

மெய்ப்பொருளார் அன்று முத்தநாதனை மாற்றவில்லைதான். ஆனால் போலியாக நீட்டியதை மெய்யென்று வாங்கிக்கொள்கிற ஒருவர் எதிரே நின்றால், நீட்டியவனுக்குக் கை கூசும். பெரியவர் என் வெறும் வார்த்தையை நம்பிப் பஸ் ஏறி வந்தார். அவர் வந்து சேர்ந்ததால் அது வார்த்தையானது. சித்திரையில் எங்கள் மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவரைக் கணவராக வரித்துத் தாலி கட்டிக்கொள்கிற திருநங்கையருக்கு, அது மறுநாளே அறுபடும் என்று தெரியும். அறுபடும்போது எழுகிற அழுகையைக் கேட்ட எவரும் அதை வேடம் என்று சொல்ல மாட்டார்கள்.

கிளம்புமுன் பெரியவர் ஒரு மஞ்சள் பையை என் கையில் திணித்தார். சாமை அரிசி நாலு படி. அடியில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் கல்வராயன் மலைக் கடுக்காய்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை மனைவி அடக்கிவைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. "ஏங்க, இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் நீங்க குடுத்துட்டு இருந்தது இதைத்தானே? நல்லாப் பாத்துக்கோங்க, அசல் இப்படித்தான் இருக்கும்."

கொட்டை நீக்கி இடித்து, சலித்து, பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். இரவு படுக்குமுன் வெந்நீரில் ஒரு கரண்டி. துவர்ப்பில் நாக்கு அப்படியே மடங்கிக்கொள்கிறது. அடுத்த கால்மணி நேரத்துக்கு என்னால் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாது.