தாங்கு தாங்கென்று தாங்கும் வீடு

மருமகளைத் தாங்குவது எப்படி என்று கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். அண்ணி உண்டாகியிருக்கிறார் என்று தெரிந்த அன்றே பெரியம்மா காஷ்மீர்க் குங்குமப்பூவுக்குச் சொல்லிவிட்டார். ஒரு கிராம் டப்பா, மோதிரப் பெட்டி மாதிரி இருக்கும். தினமும் ராத்திரி பாலில் நாலே நாலு இழை, எண்ணித்தான் போடுவார். பிள்ளையின் நிறம் பெற்றவர்களின் மரபணுவில் இருக்கிறது என்று விஞ்ஞானம் சொல்லிக்கொண்டு திரியட்டும். எங்கள் வம்சத்தின் நிறத்தை நாலு இழையில் திருத்துகிற துணிச்சல் அதற்கு உண்டா?

நர்சம்மா சும்மா கொடுத்த சிவப்பு மாத்திரை விஷயத்தில் பெரியம்மாவின் முன்யோசனையைச் சொல்லியே ஆக வேண்டும். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறதாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது 180 நாள், பெற்ற பிறகு 180 நாள் போட வேண்டுமாம். பிள்ளையின் மூளை வளர இரும்பு வேண்டுமாம். "அதைப் போட்டா புள்ள கறுத்துப் போயிடும்டி" என்று 360 நாள் வேலையை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 100க்கு 48 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஊரில் பாதிப் பேருக்கு இருப்பது நம் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் இல்லாமல் போகலாமா? அந்தச் சமத்துவ மனசு எல்லோருக்கும் வராது.

நர்சம்மா மாதம் ஒருமுறை வருவார். "நீ எப்படிம்மா இருக்கே?" என்று அண்ணியைப் பார்த்துத்தான் கேட்பார். அண்ணி வாயைத் திறப்பதற்குள், "புள்ள நல்லா அசையுது" என்று பெரியம்மா பதில் சொல்லிவிடுவார். வாயும் வயிறுமாக இருக்கிறவள், பேசிக் களைத்துவிடக் கூடாது பாருங்கள்.

பையன் பிறந்தான். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று தம்ளரையும் எண்ணினார்கள். ஐந்தாம் மாதம் தாய்வீட்டிலிருந்து அழைத்துவந்த பிறகு அண்ணி கொல்லைப்புறத் துவைகல்லில் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். ஸ்காட்லாந்தில் 1987இல், இப்படிப்பட்ட தாய்மார்களிடம் கேட்பதற்கென்றே 10 கேள்விகள் எழுதினார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர். தமிழிலும் வந்துவிட்டது. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, தூக்கம் வந்ததா, அழுகை வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் பத்துக்கும் சேர்த்து ஒரே விடை தயாராக இருந்தது: "கொழுப்பு." அடுத்த வெள்ளிக்கிழமை மந்திரித்துவிட்டார்கள். அழுதால் பால் வற்றிவிடும் என்று எச்சரிக்கவும் மறக்கவில்லை.

அண்ணனும் லேசுப்பட்டவர் அல்ல. ராத்திரி பையன் அழுதால் இரண்டு பேர் தூக்கம் கெடுவானேன் என்று தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவார். குடும்பத்தில் ஒருவராவது தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா?

ஒருநாள் நானே பார்த்தேன். அண்ணி சுவரைப் பார்த்தபடி இருக்கிறார். மடியில் இருந்த பையன் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். முகம் மாறவில்லை. தாடையைத் தொட்டான். ங்கா ங்கா என்று கூப்பிட்டான். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டான். எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்கர் 1970களில், தாயின் முகம் சில நிமிடம் அசையாமல் இருந்தால் பிள்ளை என்ன செய்யும் என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்தார். அவர் கண்டதும் கிட்டத்தட்ட இதேதான். பாவம், கேமராவெல்லாம் வைத்துச் சிரமப்பட்டிருக்கிறார். பெரியம்மா அடுப்படியில் இருந்தபடியே முடிவு சொன்னார்: "அம்மா பிடிவாதம் அப்படியே வந்திருக்கு."

இரண்டரை வயதாகியும் பையன் சரியாகப் பேசவில்லை. நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து புரண்டான். வசம்பு சுட்டு நாக்கில் தடவினார்கள். காதைப் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்ன டாக்டரை மாற்றினார்கள். அதற்கும் பிறகுதான் அந்த மாபெரும் கண்டுபிடிப்பு வந்தது: தாயின் மனநிலை பிள்ளையைப் பாதிக்கும்! "இவ மூஞ்சிய எந்நேரமும் உம்முனு வச்சிருந்தா புள்ள எப்படிப் பேசும்?" துவைகல் காலத்தில் தெரியாதது, பழி போட ஆள் தேவைப்பட்டபோது பளிச்சென்று தெரிந்துவிட்டது.

இதைப் பட்டிக்காட்டுப் பேச்சு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. சிகாகோவில் இருந்த புருனோ பெட்டல்ஹைம், ஆட்டிசத்துக்குத் தாயின் குளிர்ந்த மனம்தான் காரணம் என்று 1967இல் புத்தகமே போட்டார். அந்தக் காலத்தில் அந்தத் தாய்மார்களுக்கு 'ஃபிரிட்ஜ் அம்மா' என்றே பெயர். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லாண்ட், அது பிறவியிலேயே உடம்போடு வருவது என்று 1964இலேயே எழுதியிருந்தார். பின்னால் மருத்துவ உலகமும் அந்தப் பக்கம் போய்விட்டது. பெரியம்மா மட்டும் கட்சி மாறவில்லை.

போன மாதம் பையன் நாலு வார்த்தை கோத்துப் பேசினான். "எங்க வம்சமே நாக்குல சரஸ்வதி" என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார் பெரியம்மா. நியாயம்தானே, பேசாத வரைக்கும்தான் அவன் அண்ணியின் பிள்ளை.

அண்ணிக்கு இப்போது மறுபடியும் மூன்று மாதம். நேற்று நர்சம்மா வந்து, "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார். அண்ணி பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"குங்குமப்பூவுக்குச் சொல்லியாச்சு" என்றார் பெரியம்மா.