கிழட்டு மாருதிக்கு டானிக் ஊற்றியது தொடர்பாக

அனுப்புநர்: 1998-ஆம் வருடத்து மாருதி 800 ஒன்றின் சொந்தக்காரன், ராஜகீழ்ப்பாக்கம், சென்னை – 73.

பெறுநர்: பிரீமியம் பெட்ரோல் விற்பனைப் பிரிவு, ஏதேனும் ஓர் எண்ணெய் நிறுவனம். (பெயர் போடவில்லை. யார் பிரித்தாலும் பொருந்தும்.)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வேளச்சேரி – தாம்பரம் சாலையில் ஒரு பங்க். நான் டாங்க் மூடியைத் திறப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது: "பிரீமியம் போடட்டுமா சார்? பழைய வண்டி, நல்லா இழுக்கும்." வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நகைக்கடையில் கால் பவுன் கேட்டவனைப் பார்ப்பதுபோலப் பக்கத்து கார்க்காரர் பார்த்தார். நானும் மானஸ்தன். நாலு மாதம் போட்டேன்.

போட்டதன் பலனை உங்களுக்கு எழுதுவது என் கடமை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து கேம்ப் ரோடு சந்திப்பு வரை, மாலை ஆறரை மணிக்கு, என் கார் உங்கள் உயர்ந்த பெட்ரோலில் இரண்டாம் கியரிலேயே போனது. சாதா பெட்ரோலிலும் அதே இரண்டாம் கியர்தான். தலைக்கு மேலே தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானம் ஒன்று பறந்தது. என் கார் பறக்கவில்லை. டாங்க் நிரப்பிய தேதி, கிலோமீட்டர் எல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு பெட்ரோலுக்கும் நடுவே தெரிந்த வித்தியாசம், ஏசி போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் தெரிந்ததைவிடக் குறைவு.

மனம் கேட்காமல் மெக்கானிக்கிடம் போனேன். "சார், ஆக்டேன்னா சத்து இல்ல. பொறுமை," என்றார். அதற்குப் பிறகுதான் படித்துப் பார்த்தேன். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் நசுக்கப்படும்போது, பிளக் பொறி விடும் வரை தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கிறதே, அந்தத் திறனுக்குத்தான் ஆக்டேன் எண். தாக்குப்பிடிக்காவிட்டால் நாக்கிங், அதாவது இன்ஜினுக்குள் டிக் டிக் சத்தம். டர்போ வைத்த புது இன்ஜின் கடுமையாக நசுக்கும், அதற்கு இந்தப் பொறுமை தேவை. நாக்கிங்கை உணரும் சென்சாரும் அதில் உண்டு, நல்ல பெட்ரோல் வந்தால் டைமிங்கை மாற்றிக்கொண்டு பலனை எடுத்துக்கொள்ளும். என்னுடையது மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர் வண்டி. அது நசுக்குவது ஒன்பது மடங்கை ஒட்டித்தான். சாதா பெட்ரோலுக்கு முன்பு விதித்திருந்த குறைந்தபட்சம் 91 ஆக்டேனே அதற்குத் தாராளம். 95 ஊற்றினாலும் 100 ஊற்றினாலும் அதற்குத் தெரியாது. காது கேட்காத தாத்தாவுக்கு மியூசிக் அகாடமியில் முன்வரிசை டிக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

100 ஆக்டேன் என்றதும் நினைவு வருகிறது. அது இந்தியாவில் 2020 டிசம்பரில் அறிமுகமானபோது லிட்டர் 160 ரூபாய். அந்த விலைக்கு என் காரின் சீட் கவரையே மாற்றிவிடலாம் என்று மனைவி சொன்னாள். டாங்க் கணக்கில் பார்த்தால் அவள் சொன்னது சரிதான்.

உங்கள் பெட்ரோலில் இன்ஜினைச் சுத்தம் செய்யும் மருந்து கலந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கட்டும், மறுக்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ மெக்கானிக் ஒருமுறைதான் காசு வாங்குகிறார், நீங்கள் லிட்டருக்கு லிட்டர் வாங்குகிறீர்கள்.

என் காருக்கு உண்மையான கவலை வேறு. அது பிறந்தபோது பெட்ரோலில் எத்தனால் கிடையாது. இப்போது 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்க்கும் வாஷருக்கும் அது ஆகாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களில் 20 சதவீதக் கலப்பால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், எத்தனாலின் ஆக்டேன் எண் நூறுக்கும் மேலே. கலக்கக் கலக்க எண் ஏறும், ஓட்டம் இறங்கும். எண்ணைக் காட்டி "நல்லா இழுக்கும்" என்று விற்பவர்கள் இதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சரி, உங்கள் பிரீமியத்தில் எத்தனால் எவ்வளவு என்று அதே பங்க்கில் கேட்டேன். பெட்ரோல் போடும் தம்பி மேனேஜரைக் கை காட்டினார். மேனேஜர் பலகையைக் கை காட்டினார். பலகையில் ஒரு பந்தயக் கார் பாய்ந்துகொண்டிருந்தது. சதவீதம் இல்லை.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பிரீமியம் பம்பில் வரிசை சின்னது. கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கியவன்போல ஐந்து நிமிடம் முன்னதாக வெளியே வந்தேன். வந்து, கேம்ப் ரோட்டில் அந்த ஐந்து நிமிடத்தையும் நின்றே கழித்தேன்.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது: அந்தப் பந்தயக் காரைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி, ஒவ்வொரு பம்பிலும் ஆக்டேன் எவ்வளவு, எத்தனால் எவ்வளவு என்று இரண்டு எண்களைத் தமிழில் பெரிதாக எழுதிவையுங்கள். பம்பில் நிற்கும் தம்பிக்கும் ஒரு கேள்வி சொல்லிக்கொடுங்கள். "பிரீமியம் போடட்டுமா?" என்பதற்கு முன்னால், "வண்டி எந்த வருஷம் சார்?"

இப்படிக்கு,
சாதாவுக்கே திரும்பிவிட்ட வாடிக்கையாளன்.

பி.கு.: மிச்சமான பணத்தில் பெட்ரோல் குழாயை மாற்றிவிட்டேன். பழையதைப் பிதுக்கிப் பார்த்தால் வெடித்திருந்தது.