நட்டு கழலுதாம், நாடே அழுவுதாம்!

வாடா தம்பி, உக்காரு. வண்டியில நட்டு கழலுதுன்னு நீலக் கலர் டைட்டானியம் போல்ட்டுக்கு ஆர்டர் போட்டிருக்கியாமே? வெளக்கமாத்துக்குப் பட்டுக் குஞ்சமா?

ஸ்பிரிங் வாஷர் மாட்டிட்டேங்கிறே. 1969-லேயே ஜெர்மன்காரரு யுங்கர் போல்ட்டை ஆட்டிப் பாத்துச் சொல்லிட்டாரு: இறுக்குன தகடு பக்கவாட்டுல வழுக்குச்சுன்னா நட்டு தானா திரும்பிக் கழண்டுரும். ஸ்பிரிங் வாஷர் நின்னு வேடிக்கை பாக்கும்.

அப்ப எது புடிச்சு நிறுத்துது? முறுக்குறப்ப போல்ட்டு துளி நீளும். நீண்டது சுருங்கப் பாக்கும். அந்த இழுவைதான் தகட்டை வழுக்க விடாம அமுக்குது. நீ முறுக்குற பலத்துல பத்துல ஒரு பங்குதான் அந்த இழுவைக்குப் போவும். மிச்சத்தை மரையிலயும் நட்டுக்கு அடியிலயும் உரசலே தின்னுரும். மரையில துரு ஏறியிருந்தா அந்த ஒரு பங்கும் கோவிந்தா!

பொன்மலை ரயில் பட்டறை 1928-லேருந்து நிக்குது. அங்க இருக்கிறவங்களைக் கேட்டா வாஷரைச் சொல்லுவாங்களா, முறுக்கைச் சொல்லுவாங்களா? தண்டவாளத்துல கீமேன் ஸ்பானரும் சுத்தியலுமா தெனம் நடக்குறாரே, பொழுது போவாமலா? நீ வண்டியத் தொடைக்கிறதே ஆயுத பூசைக்குத்தான்!

ஜப்பான்ல வாக்கபயாஷின்னு ஒருத்தர். கோயில் வாசல் மரத் தோரணத்துல ஆப்பு அடிச்சிருந்ததைப் பாத்தாரு. ஆப்பு கணக்கா இறுக்குற ரெட்டை நட்டு செஞ்சாரு. புல்லட் ரயிலுக்கே அது போவுது. நாமளும்தான் ஸ்ரீரங்கத்துல வருசா வருசம் சித்திரைத் தேரு பாக்குறோம். சக்கரத்துக்கடியில முட்டுக்கட்டை போடுறதைப் பாத்துட்டு, நீர்மோர் குடிக்கப் போயிட்டோம்!

சரி, கேட்டுக்க. மரையைத் தொடை. அளவான ஸ்பானர் போட்டு, கம்பெனி புத்தகத்துல சொன்ன அளவு முறுக்கு. கூடுதலா முறுக்குனா வீரமில்ல, போல்ட்டுதான் ஒடியும். அதிர்ற எடத்துல நைலான் நட்டு போடு. சைலென்சர் பக்கம் வேணாம், சூட்டுல எளகிரும். கடைசியா நட்டுலேருந்து தகடு வரைக்கும் பெயிண்ட்டுல ஒரு கோடு இழு. கோடு வெலகுனா நட்டு அசைஞ்சிருச்சுன்னு கண்ணே சொல்லும்.

வாரம் ஒருக்கா குனிஞ்சு அந்தக் கோட்டைப் பாரு. குனிய முதுகு வலிக்குதா? வண்டிய வித்துப்புட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல போயி நில்லு.