இறுகிய எஞ்சினுக்கு எது மருந்து?

கேள்வி: தாத்தாவின் பழைய புல்லட் 350 எஞ்சினைப் பிரிக்கிறேன். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது. கிராங்க் கேஸ் பேரிங்கும் அசையவில்லை. சுத்தியலை எடுக்கலாமா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: கடைசியில் எடுக்க வேண்டியதை முதலிலேயே எடுக்கிறீர்களே! கீழே வையுங்கள்.

புல்லட்டின் பழைய எஞ்சினில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டனும் கிராங்க் கேஸும் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். உங்களுக்கான வழி இதில்தான் இருக்கிறது.

அலுமினியம் வெளியே இருந்தால் சூடு நண்பன். கிராங்க் கேஸைச் சீராக 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குங்கள். பேரிங் பெரும்பாலும் லேசாகத் தட்டினாலே கழன்றுவிடும்.

அலுமினியம் உள்ளே இருந்தால் சூடு எதிரி. சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்து சூடேறினால் பிஸ்டன் இன்னும் இறுகப் பிடிக்கும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேல் துரு இளக்கும் எண்ணெயோ டீசலோ ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். அருகில் நெருப்பு வேண்டாம். பிறகு மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்றால் தட்டவே கூடாது. அது கீழிறங்க வழியில்லாமல் முழு அடியும் கனெக்டிங் ராடுக்கும் கிராங்க்குக்கும் போய்விடும்.

ஸ்க்ரூ வரவில்லையா? இம்பாக்ட் டிரைவரால் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு தட்டு, பிறகு கழற்றும் பக்கம். துரு உடைந்து பிடி விடும்.

தாத்தா வண்டிக்குப் பேரனின் பொறுமைதான் முதல் ஸ்பேர் பார்ட்!