கருவி மாறும், வானம் மாறாது

கேள்வி: மாதம் ஒரு புது மென்பொருள், ஆறு மாதத்துக்கு ஒரு புது மேலாளர். குழுவைச் சோர்ந்துபோகாமல் நடத்துவது எப்படி?
– குழுத் தலைவர் ஒருவர், ஆலங்காயம்

பதில்: உங்கள் ஊரிலிருந்து ஜவ்வாது மலை ஏறுங்கள், காவலூர் வானாய்வகத்தில் விடை இருக்கிறது. வானியலாளர் வேணு பாப்பு 1960களின் இறுதியில் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கினார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்குண்டு. அடுத்து, 2.3 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யத் துணிந்தார். பணி முடியுமுன், 1982இல் காலமானார். அவர் வளர்த்த குழு நிற்கவில்லை. 1986இல் அந்தத் தொலைநோக்கியும் ஆய்வகமும் அவர் பெயரையே பெற்றன. பிறகு புகைப்படத் தகடுகள் போய் மின்னணுக் கருவிகள் வந்தன, அதையும் கற்றுக்கொண்டார்கள்.

தலைவர் விடுப்பெடுத்தாலே தடுமாறும் குழு, மாற்றத்தைத் தாங்காது. தலைவர் மறைந்தும் நடந்த குழு வானத்தை அளந்தது!

எனவே, புதியது எதற்காக வருகிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பழக அவகாசம் கொடுங்கள். முன்னதாகக் கற்றவரையே மற்றவர்களுக்கு ஆசிரியராக்குங்கள். எதற்காக உழைக்கிறோம் என்பது தெரிந்தவர்களுக்கு எந்தக் கருவியும் கைவரும்.