கிள்ளும் கை, ஆட்டும் தொட்டில்

2024 மார்ச் கடைசி வாரம். ஆண்டுக் கணக்கு முடிய நான்கே நாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கிளையின் வாட்ஸாப் குழுவில் ஓர் அழைப்பு வந்து விழுந்தது: "மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி? இன்று மாலை 7.30. அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். வராதவர்கள் காரணத்தை மெயிலில் தெரிவிக்கவும்." இரண்டு நிமிடம் கழித்து அதற்குக் கீழே இன்னொன்று: "8.30-க்கு நம்பர் ரிவ்யூ. ஜீரோவில் இருப்பவர்கள் கேமராவை ஆன் செய்து வைக்கவும்."

ஆக, ஒரு மணி நேரம் மூச்சை ஆழமாக உள்ளே இழுக்கக் கற்றுக்கொண்டோம். அடுத்த மூன்று மணி நேரம் அதை வெளியே விடவில்லை.

முதலீட்டு ஆலோசனை தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நிறுவனத்தில், சென்னையில், ஆறு ஆண்டுகள் ஆர்.எம்.-ஆக இருந்தேன். ரிலேஷன்ஷிப் மேனேஜர், அதாவது, உறவுகளை மேய்ப்பவன். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற கம்பெனிகள் தப்பித்துக்கொள்ளும்.

சுவரெல்லாம் வாசகங்கள். 'இங்கே யாரும் தனியாக இல்லை' என்று ஒன்று. உண்மைதான், பாத்ரூமுக்குள் இருந்தாலும் ஏரியா மேனேஜரின் போன் வரும். 'உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்' என்று இன்னொன்று. அதுவும் உண்மை, பேசும் எல்லா போனும் பதிவாகும். மாதத்துக்கு ஒரு கேக் உண்டு. அந்த மாதம் பிறந்த அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே கேக், ஒரே பிளாஸ்டிக் கத்தி. வெட்டும் படம் பத்தாவது நிமிடம் லிங்க்ட்இன்னில் ஏறிவிடும். வாசலில் நிற்கும் வாட்ச்மேனும் தரை துடைக்கும் அக்காவும் படத்தில் விழுந்துவிடக் கூடாது. அவர்கள் கான்ட்ராக்ட். குடும்பப் படத்தில் கான்ட்ராக்டுக்கு இடமில்லை.

ஆமாம், குடும்பம். "நாம எல்லாம் ஒரே ஃபேமிலி" என்று சொல்லாமல் எங்கள் கிளைத் தலைவர் எந்தக் கூட்டத்தையும் தொடங்கியதில்லை. எனக்குத் தெரிந்து எந்த வீட்டிலும் அப்பா மாதாமாதம் பிள்ளைகளை எக்செல்லில் வரிசைப்படுத்தி, கடைசி ஐந்து பேருக்குச் சிவப்பு அடிப்பதில்லை. 'மூன்று மாதத்தில் தேறாவிட்டால் வேறு அம்மாவைப் பார்த்துக்கொள்' என்று கடைக்குட்டியிடம் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தக் கடிதத்துக்கு பி.ஐ.பி. என்று பெயர். செயல்திறன் மேம்பாட்டுத் திட்டமாம். பலி ஆட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பதையும் மேம்பாட்டுத் திட்டம் என்று சொல்லலாம்தான்.

ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே சாகிறார்களே என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது: கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி இருக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் குறையே கிடையாது. சுழலும் நாற்காலி, முதுகுக்கு வலை வைத்தது. ஆனால் அன்றைய முதல் கேஸ் லாகின் ஆகும்வரை, இன்னும் எதுவும் விற்காத ஜீரோக்காரர்கள் நின்றபடிதான் போன் பேச வேண்டும். "எனர்ஜிக்காக" என்றார்கள்.

இத்தனைக்கும் எதை விற்கச் சொல்லி இந்தப் பாடு?

'ஆலோசகர்' என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. 2013-ல் முதலீட்டு ஆலோசகர்களுக்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதிமுறை கொண்டுவந்தது. 2020-ல் அதை இறுக்கியது: ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, அவருக்கே திட்டத்தை விற்றுக் கமிஷனையும் வாங்கக் கூடாது, ஆலோசகராகப் பதிவு செய்யாத விநியோகஸ்தர்கள் 'வெல்த் அட்வைசர்' என்று பெயர் போட்டுக்கொள்ளவும் கூடாது. எங்கள் நிறுவனம் சட்டத்தை மதிக்கும் நிறுவனம். பலகையில் 'அட்வைசர்' அழிந்து 'பார்ட்னர்' வந்தது. பெயின்டருக்கு அரை நாள் கூலி. உள்ளே ஒரு துரும்பும் அசையவில்லை.

கணக்கு இவ்வளவுதான். வாடிக்கையாளர் ஒரு லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால், விற்றவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வரும். அதே லட்சத்தை நீண்ட கால ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் முதலாண்டுப் பிரீமியமாகக் கட்ட வைத்தால், 35 சதவீதம் வரை கமிஷன் தரலாம் என்றுதான் நெடுங்காலம் விதி இருந்தது. 2023-ல் அந்தத் தனி வரம்பையும் எடுத்துவிட்டு, கம்பெனியின் மொத்தச் செலவு வரம்புக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆயிரம் எங்கே, முப்பத்தைந்தாயிரம் எங்கே? ஒரு கம்பெனியின் பண்பாட்டைத் தெரிந்துகொள்ளச் சுவரைப் படிக்க வேண்டாம். இன்சென்டிவ் ஷீட்டைப் படித்தால் போதும். எங்கள் ஷீட்டில் 'பரிவு' என்று ஒரு கட்டம் இருந்ததில்லை.

இனி ஒரு பெண்ணின் கதை.

அதே மார்ச்சில் ஒரு தலைமையாசிரியர் வந்தார். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மஞ்சப்பைக்குள் பாஸ்புக், பென்ஷன் காகிதம், வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததும் பணிக்கொடையுமாக முப்பது லட்சத்துக்கான கணக்கு. குழுவிலேயே சின்னவளான ஒரு பெண்ணின் மேஜையில் உட்கார்ந்தார். அவள் அந்த மாதம் ஜீரோ. பத்து ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று லட்சம் கட்டும் பாலிசியின் படிவத்தை மேனேஜரே பாதி நிரப்பி அவளிடம் அனுப்பியிருந்தார். கையெழுத்து வாங்க வேண்டியதுதான் பாக்கி.

"உன்னை நம்பித்தாம்மா போடறேன். என் பொண்ணு வயசு உனக்கு" என்றார் அவர்.

அவள் பேனாவை மூடினாள். "சார், உங்களுக்கு மாசச் செலவுக்குப் பணம் வேணும். இது வருஷா வருஷம் உங்ககிட்ட பணம் கேட்கிற திட்டம். நேரா தபால் ஆபீஸ் போங்க. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்னு கேளுங்க. முப்பது லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டி. மூணு மாசத்துக்கு ஒருதரம் 61,500 ரூபாய் வரும்."

என் ஆறு ஆண்டுகளில் அந்த ஆலோசனை நிறுவனத்துக்குள் நான் காதால் கேட்ட கலப்படமில்லாத ஆலோசனை அது ஒன்றுதான். அதில் கம்பெனிக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது.

மேனேஜர் கேட்டார்: "நீ யார் பக்கம்மா? கம்பெனி பக்கமா, கஸ்டமர் பக்கமா?"

'வாடிக்கையாளரே எங்கள் தெய்வம்' என்ற வாசகம் அவர் தலைக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

ஆனால் எங்கள் நிறுவனம் ஆதரவானது ஆயிற்றே, அப்படியே விட்டுவிடுமா? மறுநாள் எச்.ஆர். அவளைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, முதுகைத் தடவிக் கேட்டது: "வீட்ல ஏதாவது பிரச்சினையா? சரியா தூங்கறியா? நம்ம கவுன்சலர்கிட்ட ஒரு அமர்வு போட்டுத் தரட்டுமா? எல்லாம் ரகசியமா இருக்கும்." ஒரு கிழவரை ஏமாற்ற மாட்டேன் என்று சொன்ன பெண்ணுக்குத் தூக்கம் சரியில்லையாம்! மனசாட்சிக்கு எங்கள் எச்.ஆர். வைத்த பெயர் மன அழுத்தம். மறு வாரம் பி.ஐ.பி. கடிதமும் கவுன்சலரின் தொலைபேசி எண்ணும் ஒரே மெயிலில் வந்தன. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதில் கிள்ளுபவர் ஒருவர், ஆட்டுபவர் வேறொருவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரே கைதான்.

இது எங்கள் கிளையில் மட்டும் நடந்த கூத்தில்லை. 2023 ஜூனில் ஒரு பெரிய தனியார் வங்கியின் கொல்கத்தா அதிகாரி, ஒரே நாளில் 75 இன்சூரன்ஸ் பாலிசி விற்கவில்லை என்று ஆன்லைன் கூட்டத்தில் ஊழியர்களைப் பார்த்துக் கத்திய வீடியோ ஊரெல்லாம் பரவியது. வங்கி அந்த அதிகாரியை இடைநீக்கம் செய்தது. அவர் கத்திய அந்த 75 எந்த மாடியிலிருந்து இறங்கி வந்தது என்ற விசாரணை என் காதுக்கு எட்டவில்லை.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இன்னும் கவித்துவமானது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுத் திட்டங்கள் விற்க வேண்டும் என்று இலக்கு. ஏன் எட்டு? 'எய்ட்' என்பது 'கிரேட்' என்பதோடு இயைகிறது என்று அதன் தலைவரே ஆண்டறிக்கையில் எழுதினார். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அதற்குள் ஏறக்குறைய 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள், பெரும்பாலும் கீழ்மட்டத்தில் இருந்தவர்களை. உலக இலக்கியத்தில் இவ்வளவு தலைகளை வாங்கிய இயைபுத் தொடை வேறு இருக்க முடியாது.

2024 ஜூலையில் புனேயில், ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த நான்கே மாதத்தில், 26 வயது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஒருவர் இறந்துபோனார். வேலைப்பளுதான் மகளைத் தின்றது என்று தாய் கடிதம் எழுதினார். இறுதிச் சடங்குக்கு அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்றும் எழுதினார். அந்தச் செப்டம்பரில் சென்னை விழா ஒன்றில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்கு வீடும் கல்வி நிலையமும் கற்றுத்தர வேண்டும், அது தெய்வ நம்பிக்கையில் வரும் என்ற பொருளில் பேசினார். கண்டனம் எழுந்தபின், பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லவில்லை என்று விளக்கமும் தந்தார். இருக்கட்டும். சுமையை இறக்கு என்று யாரும் சொல்லவில்லை, கழுத்தைப் பலப்படுத்து என்கிறார்கள். வண்டிமாட்டுக்குக்கூட இந்த உபதேசத்தை எவனும் செய்ததில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், வீட்டுக்கு வந்து அழகுபடுத்தும் சேவை தரும் கம்பெனி ஒன்று மன அழுத்தம் பற்றி ஊழியர்களிடம் கருத்துக் கேட்டு, அதிக அழுத்தம் உண்டு என்று சொன்னவர்களை வேலையை விட்டு நீக்கிவிட்டதாக ஒரு மெயில் வெளியானது. நாடே கொதித்ததும், 'அது விழிப்புணர்வுப் பிரசாரம், யாரையும் நீக்கவில்லை' என்றார்கள். எனக்கு வியப்பு, அது பொய் என்பதில் இல்லை. படித்த அத்தனை பேரும் ஒரு நொடியும் தயங்காமல் அதை நம்பினோமே, அதில்தான். எங்கள் அலுவலகங்களை நாங்கள் அவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறோம்.

ஆதரவான பணிச்சூழல் வேண்டுமா? கவுன்சலரும் கேக்கும் பிறகு வரட்டும். முதலில் சுவர் வாசகத்தைக் கழற்றி, அந்த ஆணியில் இன்சென்டிவ் ஷீட்டை மாட்டுங்கள், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி. 'இது உங்களுக்கு வேண்டாம் சார்' என்று சொன்ன ஊழியருக்கு அந்த மாதச் சம்பளம் முழுசாக வரட்டும். வேண்டாத பாலிசியை 30 நாளுக்குள் திருப்பித் தர வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. விற்க மனம் வராத ஊழியர் வேலையைத் திருப்பித் தர எங்கள் கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ். அந்தத் தொண்ணூறு நாளும் அவர் விற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தப் பெண் அந்தத் தொண்ணூறு நாளையும் ஜீரோவிலேயே கழித்தாள். நின்றபடி.

ஜூலையில் அந்தத் தலைமையாசிரியர் மறுபடி வந்தார். மஞ்சப்பையில் ஒரு இனிப்புப் பெட்டி. முதல் வட்டி வந்துவிட்டதாம். "அந்தப் பொண்ணு எங்க சார்?" என்று கேட்டார்.

"அவங்க இப்ப நம்ம ஃபேமிலியில இல்லீங்க சார். நீங்க உட்காருங்க, உங்களுக்குப் புதுசா ஒரு பிளான் வந்திருக்கு" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டவன் வேறு யாருமில்லை. நான்தான். அந்த மாதம் நானும் ஜீரோ.

அவர் உட்காரவில்லை. வெளியே போகும்போது பெட்டியை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.