முன்னே செல்லும் கனவான்

இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் படகுக்கு விதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 4 மைல். கரையோரம் நாயுடன் உலாவ வந்தவர் சற்று வீசி நடந்தால் படகைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம். உத்தியோக காலமெல்லாம் ரயிலையும் கடிகாரத்தையும் துரத்திக் களைத்து, ஓய்வு பெற்றதும் 'இனி எனக்கு அவசரம் என்பதே இல்லை' என்று சங்கல்பம் செய்துகொண்டு, ஏழடி அகலமும் அறுபதடி நீளமும் உள்ள ஒரு நேரோபோட்டை வாங்கி, அதன் பின்தட்டில் தேநீர்க் கோப்பையும் பித்தளைச் சுக்கான் பிடியுமாக நிற்கும் கனவான்களை அங்கே தாராளமாகத் தரிசிக்கலாம். அவசரத்தைத் துறந்த இந்த மகானுக்கு உலகில் சகிக்க முடியாத விஷயம் ஒன்றுதான்: பின்னால் வருகிறவன் தம்மை முந்திப் போவது.

விதிகளில் அவரை யாரும் அசைக்க முடியாது. ஒரு குறுகிய ஊதல் வலப்பக்கம் திரும்ப, இரண்டு இடப்பக்கம், மூன்று இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்ட என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முந்துவதற்குள்ள முறையோ மிகவும் நியாயமானது: ஒதுங்கிச் செல்லும் பொறுப்பு முந்துகிறவனுடையது, முன்னே போகிறவர் எந்தப் பக்கம் வரலாம் என்று கைகாட்டி, வேகத்தைத் தணித்து வழிவிட வேண்டும், வளைவு, பாலம், படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டியான லாக் இவற்றை அடுத்து முந்தவே கூடாது. இதன் முதற்பகுதியையும் கடைப்பகுதியையும் வேதவாக்காகக் கொண்ட நம் கனவானுக்கு, நடுப்பகுதி மட்டும் ஏனோ கண்ணில் படுவதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் பிரான்ஸ்டனிலிருந்து நாப்டன் வரை லாக் ஒன்றுமில்லாத நீண்ட நீர்வழி அவருக்கென்றே அமைந்தது. பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி 18ஆம் நூற்றாண்டில் வகுத்த இந்தக் கால்வாய், மேட்டைக் குடையாமல் அதன் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போவதால், வளைவு முடிந்தால் செங்கல் பாலம், பாலம் தாண்டினால் கரையில் கட்டிய படகுகள், அவை ஒழிந்தால் தூண்டிற்காரர்கள் என்று வழிவிடாமைக்குச் சட்டபூர்வமான காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். போதாததற்கு அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை; பார்த்தால்தானே கைகாட்ட வேண்டும்!

தப்பித் தவறி நேரான ஓரிடத்தில், பின்னால் வந்த இளைஞர் கூட்டம் துணிந்து பக்கத்தில் வந்துவிட்டது என்று வையுங்கள். வேக வித்தியாசம் அரை மைல்தான் என்றால், அறுபதடிப் படகு இன்னோர் அறுபதடிப் படகைக் கடந்து முடிக்க ஏறக்குறைய மூன்று நிமிஷம் ஆகும். மேலும், ஆழமற்ற அந்தத் தண்ணீரில் இரு படகுகளுக்கு இடையே நீர்மட்டம் தாழ்வதால், இரண்டும் விலக நினைத்தாலும், பேசாதிருந்த சம்பந்திகளைப் போல ஒன்றையொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும். முன்பின் அறியாதவரிடம் மூன்று நிமிஷம் முகம் கொடுத்து நிற்பது ஆங்கிலேயருக்கு எத்தகைய நரகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வானிலையைப் பற்றிய இரண்டு வாக்கியங்கள் முதல் அரை நிமிஷத்திலேயே தீர்ந்துவிட, கனவான் பழங்கதைக்குப் போவார்: குதிரை இழுத்த நாளில் ஒருவர் கயிற்றைத் தளர்த்தி நீரில் அமிழவிட, அதன் மேலாக மற்றவர் கடந்து போவார், இரவு பகலாக ஓடிய விரைவுப் படகுகளுக்கு மற்றவர்கள் எல்லோரும் வழிவிடுவார்கள். இதைச் சொல்லும்போது தம்மை அந்த விரைவுப் படகாக அவர் பாவித்துக்கொள்கிறாரே ஒழிய, ஒரு நாளும் கயிற்றைத் தளர்த்தியவராக அல்ல.

இதே மனிதர் படகைக் கரையில் கட்டிவிட்டாலோ, கடந்து போகும் ஒவ்வொரு படகையும் பார்த்து, "மெதுவாகப் போங்கள் ஐயா!" என்று ஜன்னல் வழியே கர்ஜிப்பார். அவருடைய கோப்பையிலிருந்து ஒரு சொட்டுத் தேநீர் தட்டில் சிந்திவிட்டது என்பது குற்றச்சாட்டு.

நாப்டனில் ஒன்பது லாக்குகள் படிப்படியாக மேலேறுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சமயம் ஒரு படகுதான் நுழையலாம். முதல் நாள் மாலை அடிவாரத்து மதுக்கடையில், முந்திய இளைஞர்களுக்கு வழிவிடும் பண்பைப் பற்றி விரிவாக உபதேசித்துவிட்டு, மறுநாள் விடியுமுன்பே, அவர்களுடைய திரைச்சீலைகள் இன்னும் மூடிக்கிடக்கையில், அயலார் தூக்கம் கெடக் கூடாதே என்ற தர்ம சிந்தனையால் இயந்திரத்தைக் கூட முடுக்காமல், கூரைமேல் கிடந்த நீளக் கழியை எடுத்து ஊன்றி ஊன்றி, முதல் லாக்கை நோக்கிப் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவர் சாட்சாத் நம் கனவானே.